டாக்டர் கடித்த ரொட்டி

எங்கள் ஊரில் சட்டையை இடுப்புக்குள் செருகியவர் எல்லாரும் டாக்டர்தான். வக்கீல் டாக்டர், நில அளவைக்காரர் டாக்டர், பல் பிடுங்குகிறவரும் டாக்டர். அதனால் தலைநகர் லிமாவிலிருந்து கொன்சாலோ தே லா ரியேகா என்பவர் வந்து இறங்கி, சாப்பிடுவதுதான் தன் தொழில் என்று சொன்னபோது, அவரையும் டாக்டர் என்று கூப்பிடுவதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை. அது தொழில் என்றால் நாமெல்லாம் அதை ஏன் கூலியில்லாமல் செய்துகொண்டிருக்கிறோம் என்று மட்டும் என் மனைவி எபிபானியா கேட்டாள்.

"அவர் சாப்பிடுறதப் படம் புடிச்சு ஃபோன்ல போடுவாராம். லட்சம் பேரு பாப்பாங்களாம்," என்றேன்.

"அடுத்தவன் திங்கிறப்ப வாயப் பாத்துக்கிட்டு நிக்கக் கூடாதுன்னு எங்கம்மா அடிச்சு வளத்தா. லிமாவுல அடிக்க ஆளில்ல போல."

என்னிடம் ஒரு பழைய கார் இருக்கிறது. அதன் பின்கதவு ஒன்று உள்ளேயிருந்துதான் திறக்கும். மலை பார்க்க வருகிறவர்களை ஏற்றிக்கொண்டு சுற்றுவது உபதொழில். உழவுதான் தொழில். டாக்டர் முன்சீட்டில் ஏறி உட்கார்ந்ததும், வண்டி கிளம்பும் முன்பே, தன்னைப் பற்றி விளக்கிவிட்டார்.

"மெலிதோன், ஒண்ணு புரிஞ்சுக்கங்க. டூரிஸ்ட் காட்டறதைச் சாப்பிடுவான். பயணி மறைக்கறதைச் சாப்பிடுவான். நான் பயணி."

அவர் வந்தது ரொட்டிக் காலம் என்பது அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். ஆனால் கூலிக்குச் சரி என்று சொல்லியிருந்தேன்.

ஆகஸ்டில் எங்களுக்குப் புனித பர்த்தொலொமேயு விழா. உயிரோடு தோலுரிக்கப்பட்டவர் அவர். அவர் பெயரால் ஊரார் தோலை உரிப்பது ஒருவகையில் முறைதான். வருஷத்துக்கு ஒரு வீடு விழாவை எடுத்து நடத்த வேண்டும். வாத்தியக்காரர்கள், வாணவேடிக்கை, மெழுகுவர்த்தி, ஊருக்கே கறிச்சோறு. தனியாளாக யாராலும் முடியாது. அதனால் விழா எடுத்தவர் சோம்பு போட்டுப் பெரிய பெரிய ரொட்டியாகச் சுட்டு, ஒரு புட்டி சாராயத்தோடு வீடு வீடாக வருவார். ஒவ்வொரு ரொட்டிக்கும் ஒரு உபயம். ஹுர்கா என்போம் அதை. ரொட்டியில் ஒரு விள்ளல் வாயில் போட்டால் போதும், கேட்டதைக் கொடுத்தாக வேண்டும். கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. மென்றால் முடிந்தது.

மாட்டேன் என்று சொல்லலாமே என்பீர்கள். புனிதரின் ரொட்டியை முகத்துக்கு நேரே வேண்டாம் என்றவன் நிலத்தில் அந்த வருஷம் ஆலங்கட்டி விழும். ரொட்டிக்கும் ஆலங்கட்டிக்கும் சம்பந்தமில்லை என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்வார். வாத்தியாருக்கு நிலம் இல்லை. ஆகவே நாங்கள் யாரும் மறுப்பதில்லை. ஒளிந்துகொள்கிறோம்.

இந்த வருஷ விழா பல்தசாரா அக்காவுடையது. வாத்தியம் ஒருவர் தலையில் விழுந்துவிட்டது, மெழுகுவர்த்தி இன்னொருவர் தலையில். மாடு மட்டும் பாக்கி. கறிக்கு ஆகிற மாடு ஊரில் இரண்டு பேரிடம்தான் இருந்தது, அனக்லெத்தோவிடமும் என்னிடமும். அனக்லெத்தோ கீழ்ப் பள்ளத்தாக்கில் இருக்கும் மகளைப் பார்க்கப் போய்விட்டான். மகளைப் பார்க்கப் போகிறவன் இரண்டு உழவு மாடுகளையும் ஓட்டிக்கொண்டா போவான்? அனக்லெத்தோ போனான்.

எனக்கு மகள் இல்லை. பரோசோ இருந்தான். சேற்று நிறக் காளை. அவனுடைய சோடி வயசாளி. ஒரு கண்ணில் பூ விழுந்து, பரோசோவின் தோளில் தோளை வைத்துத்தான் சாலில் நடப்பான். எங்கள் நிலம் மலைச்சரிவில் படிப்படியாகத் தொங்குவது. டிராக்டர் ஏறாது. பரோசோ போனால் ஒரு மாடு போவதில்லை, ஏரே போய்விடும். செப்டம்பரில் விதைக்க முடியாது. இதை எபிபானியா எனக்குத் தினமும் விளக்கினாள், எனக்குத் தெரியாதது போல.

அதனால் பல்தசாரா அக்காவின் தொப்பி தெருமுனையில் தெரிந்தால் நான் கொல்லைச் சுவரைத் தாண்டிவிடுவேன். எபிபானியா வாசலில் நின்று, "அவரு குஸ்கோ போயிருக்காரு அக்கா," என்பாள்.

"இன்னுமா வரல? மேயராக்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா போவாள். போகும்போது வாசலில் நிற்கும் என் காரை ஒருமுறை தட்டிப் பார்ப்பாள்.

இந்த நிலவரத்தில்தான் டாக்டர் வந்தார்.

முதலில் எங்கள் வீட்டிலேயே சாப்பிட்டார். பனியில் போட்டு, காலால் மிதித்து, வெயிலில் காயவைத்த கறுத்த கிழங்கைக் கொண்டு எபிபானியா ஒரு சூப் வைத்தாள். ஏழைவீட்டுச் சூப். டாக்டர் ஒரு கரண்டி வாயில் வைத்துக் கண்ணை மூடினார். நேரம் ஆயிற்று. சுடுகிறதோ என்று நினைத்து எபிபானியா தண்ணீர் எடுத்தாள்.

"இது கிழங்கில்ல," என்றார் கண்ணைத் திறக்காமலே. "இது பூமியோட ஞாபகம்."

"போன வருஷத்துக் கெழங்கு டாக்டர். அதான் அப்பிடி வாசம் அடிக்கும்," என்றாள் எபிபானியா.

"என்ன ரகசியம் இதுல?"

"உப்பு."

அவருக்குத் திருப்தி இல்லை. ஃபோனை அவள் கைகளுக்கு நேரே பிடித்து, "இந்தக் கைகளைப் பாருங்க," என்று லட்சம் பேரிடம் சொன்னார். எபிபானியா கைகளைப் பாவாடைக்குள் மறைத்துக்கொண்டு, எங்கள் மொழியில் என்னிடம், "இந்த ஆள பல்தசாரா அக்கா தெருப்பக்கம் மட்டும் கொண்டு போயிடாதீங்க," என்றாள். டாக்டருக்கு எங்கள் மொழி தெரியாது. எங்களுக்கு அவர் மொழி தெரியும். இந்த ஏற்பாட்டில் யாருக்கு லாபம் என்று பாட்டன் காலத்திலிருந்து யோசித்துக்கொண்டிருக்கிறோம்.

கொண்டு போகவில்லை. ஊரின் மறுகோடிக்குத்தான் கொண்டுபோனேன். கம்பத்தில் சிவப்பு பிளாஸ்டிக் பை கட்டிப் பறக்கிற வீடு, அன்று சோளக்கள் புளித்துத் தயாராக இருக்கிற வீடு. உள்ளே என் மச்சான் ஃபவுஸ்தினோ உட்கார்ந்திருந்தான். அதைக் கெட்ட சகுனம் என்று எடுத்துக்கொள்ளத் தோன்றவில்லை. கள் இருக்கும் இடத்தில் அவன் இருப்பது சகுனம் அல்ல, வழக்கம்.

முதல் சொட்டைப் பூமித்தாய்க்கு ஊற்றிவிட்டுக் குடிக்க வேண்டும் என்று டாக்டர் எங்கோ தெரிந்து வைத்திருந்தார். எழுந்து நின்று, ஆகாயத்தைப் பார்த்து, பாதிக் குவளையைச் சாய்த்தார். அது ஃபவுஸ்தினோவின் செருப்புக்குள் போயிற்று.

"பூமித்தாய்க்கு ஊத்துங்க, வேணாங்கல டாக்டர்," என்றான் அவன். "எங்கால் வெரலு எப்ப தாயாச்சு?"

பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், தாம் ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டதாக. இங்கே யாரும் தனியாகக் குடிப்பதில்லை. ஒருவர் முகத்தைப் பார்த்து, பேர் சொல்லி அழைத்துக் குடித்தால், அதே குவளையில் அவர் திருப்பிக் குடிப்பார். டாக்டர் ஃபோனின் முகத்தைப் பார்த்து, "உங்களுக்காக," என்று குடித்தார். ஃபோன் திருப்பிக் குடிக்கவில்லை.

"இவரு என்ன மச்சான் தேடுறாரு?" என்றான் ஃபவுஸ்தினோ.

"அசலாம்."

"அசலா?" அவன் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சம் எனக்குப் பழக்கம். டாக்டர் பக்கம் திரும்பி, அவர் மொழியிலேயே, நிறுத்தி நிதானமாகச் சொன்னான்: "டாக்டர், வருஷத்துக்கு ஒரு தடவதான் இந்த ரொட்டி. வித்தா கெடைக்காது. பல்தசாரா அக்கா வீட்ல கடைசியா ஒண்ணே ஒண்ணு இருக்கு."

வாணவேடிக்கை ரொட்டி ஃபவுஸ்தினோவைப் பிடித்துச் சில நாட்கள்தான் ஆகியிருந்தது. குழிக்குள் விழுந்தவன் மேலே நிற்பவனைக் கூப்பிடுகிற குரல் எத்தனை இனிமையாக இருக்கும் என்பதை அன்று கேட்டேன்.

"அந்த அக்காவுக்கு உடம்பு சரியில்ல டாக்டர்," என்றேன்.

"காலையில மூட்ட தூக்கிட்டுப் போச்சே," என்றான் ஃபவுஸ்தினோ.

"வீட்ல நாய் கடிக்கும்."

"அதுக்குப் பல்லே இல்ல மச்சான்."

"அந்த ரொட்டி விருந்தாளிங்களுக்கு ஆகாது டாக்டர். சாமி ரொட்டி."

டாக்டர் என் தோளில் கை வைத்தார். வேட்டைக்காரனின் கண் எப்படி இருக்கும் என்று தெரிந்தது. "மறைக்கறீங்க, மெலிதோன்," என்றார். அவ்வளவு சந்தோஷமாக அந்த வார்த்தையை யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

எழுந்து நடந்துவிட்டார். போகட்டும், நான் காரிலேயே இருந்துகொள்கிறேன் என்று விடவும் முடியாது. வெளியூர்க்காரன் தின்றுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விடுவான். அதனால் அவன் தின்பதற்கெல்லாம் அவனை ஊருக்குள் கூட்டி வந்தவனே பொறுப்பு. விருந்தாளியின் வாய் கூட்டி வந்தவனின் வாய். எங்கள் முன்னோர் எந்த லிமாக்காரரைப் பார்த்துப் பயந்து இந்த விதியைச் செய்தார்களோ, தெரியாது. ஊர் தாண்டி வெளியே நின்றாலும் அது என்னை வந்து பிடிக்கும். எனவே பின்னால் ஓடினேன். மேட்டில் ஓடுவது எங்களுக்கும் மூச்சு வாங்கும் என்பதைப் படமெடுப்பவர்கள் நம்புவதில்லை.

பல்தசாரா அக்கா வாசலிலேயே நின்றிருந்தாள். ஃபவுஸ்தினோ அவளுக்கு ஃபோன் செய்திருப்பான்.

"வாங்க டாக்டர், வாங்க. அட, மெலிதோன் தம்பி! குஸ்கோவுல இருந்து எப்ப வந்தீங்க?"

"இப்பத்தான் அக்கா."

"காரு பாவம், ஒங்கள நெனச்சு வாசல்லயே கெடந்துச்சு. நடந்தே போயிட்டு வந்தீங்களோ?"

உள்ளே அடுப்படியில் கினிப்பன்றிகள் கால்களுக்கிடையே கீச்சிட்டு ஓடின. அவற்றில் ஒன்று ஏற்கெனவே வறுபட்டு, பல்லைக் காட்டிக்கொண்டு தட்டில் படுத்திருந்தது. விருந்தாளிக்கு மரியாதையாகத் தலை. டாக்டர் அந்தத் தலையைக் கையில் எடுத்து, அது எத்தனை ஆயிரம் வருஷப் பண்பாடு என்று ஃபோனுக்கு விளக்கினார். அக்கா என்னைப் பார்த்து, எங்கள் மொழியில், "இந்தாளு திங்கிறாரா, பிரசங்கமா?" என்றாள்.

நான் மேசைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மாடத்தில் கையில் கத்தியோடு பர்த்தொலொமேயு நின்றார். அவருக்குக் கீழே மேசையில், நெய்த துணியின் மேல், என் காரின் ஸ்டியரிங் அளவுக்கு ஒரு ரொட்டி. சிவப்பு நாடா கட்டியிருந்தது. சிவப்பு என்றால் மாடு.

"டாக்டர், ஒரு நிமிஷம் வெளிய வாங்க. காத்தாட நிப்போம்."

முற்றத்துக்கு இழுத்துக்கொண்டு போய்ச் சொன்னேன். ஒளிவு மறைவு இல்லாமல், எல்லாவற்றையும் சொன்னேன். ரொட்டி என்றால் என்ன, சிவப்பு நாடா என்றால் என்ன, அவர் கடித்தால் யார் கொடுக்க வேண்டும், பரோசோ இல்லாமல் பூ விழுந்த கண்ணோடு அந்தக் கிழட்டு மாடு எப்படி நிற்கும், செப்டம்பரில் நாங்கள் எதை விதைப்போம். இதற்கு மேல் தெளிவாக எனக்குச் சொல்லத் தெரியாது. அவரும் முழுக்கக் கேட்டார். அதையும் சொல்ல வேண்டும். குறுக்கே பேசவில்லை. கேட்கக் கேட்க அவர் கண் கலங்கியது.

"கொடுக்கல் வாங்கலோட தூய வடிவம்," என்றார்.

"வடிவம் இல்ல டாக்டர். மாடு."

"பயப்படாதீங்க மெலிதோன். உங்க மேல ஏன் விழணும்? அந்த உபயத்தை நானே ஏத்துக்கறேன்."

சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஒரு கணம் அந்த மனிதரைக் கட்டிப் பிடித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. "நெசமாவா டாக்டர்? அப்ப ஞாயித்துக்கெழம சந்தையில ஒரு நல்ல மாடாப் பாத்து, நீங்க வாங்கிக் குடுத்துட்டா..."

அவர் முகம் சுருங்கியது. என்னைப் பார்த்து அல்ல, என்னைக் கெடுத்த உலகத்தைப் பார்த்து. "எல்லாத்தையும் பணமா மாத்தாதீங்க மெலிதோன்," என்றார் மெதுவாக. "அது எங்க நகரத்து வியாதி. உங்களுக்கு வேண்டாம்." முதுகில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

ஃபோனை உப்பு ஜாடியில் சாய்த்து நிறுத்தினார். தலைமுடியை ஒதுக்கினார். இன்று இந்தக் கிராமத்தின் விழாவுக்கு ஒரு மாட்டை உபயமாக ஏற்கிறேன், ஏற்பதன் மூலம் இந்த மண்ணுக்கு மகனாகிறேன் என்று லட்சம் பேர் அறிய அறிவித்தார். பிறகு ரொட்டியை இரண்டு கைகளாலும் தூக்கினார்.

பறித்திருக்கலாம். ரொட்டி பிடித்த கையைப் பிடிப்பது ரொட்டியை மறுப்பதைவிடக் கேடு. அதுவும் புனிதரின் கண் முன்னால். ஆனாலும் என் கை மேலே எழுந்தது. அக்கா என் கையைப் பார்த்தாள். கை தானாகப் போய்த் தலையைச் சொறிந்தது.

அவர் கடித்தார். நீண்ட நேரம் மென்றார். நான் அவர் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடப்பக்கம் மூன்று, நாலு, பிறகு வலப்பக்கம். துப்பிவிடு என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவர் தொண்டை ஏறி இறங்கியது.

"சோம்பு," என்றார். "சாம்பல். அப்புறம்... காலம்."

"முட்டையும் போட்டிருக்கேன்," என்றாள் அக்கா. பிறகு சந்தை விசாரிக்கிற குரலில், "அது சரி டாக்டர், நீங்க குடுக்கற மாடு இப்ப எங்க மேயுது?"

அவர் சிரித்தார். "அம்மா, அது ஒரு அடையாள மாடு."

"அடையாள மாட்டுல எத்தன சட்டி கொழம்பு வரும்?"

அவர் அதையும் ரசித்தார். கிராமத்து ஞானம் என்று ஃபோனிடம் சொன்னார். அக்கா அவரை விட்டுவிட்டு இரண்டு சின்னக் கிண்ணங்களில் சாராயம் ஊற்றி என்னிடம் நீட்டினாள். ஒன்று குடித்ததும் இன்னொன்று. "ரெண்டையும் குடிங்க தம்பி. ரெண்டு காலாலயும் நடக்கணும்ல." குடித்தேன். வாய் ஏற்கெனவே தின்றாகிவிட்டது, தொண்டை எதற்கு வீம்பு பண்ண வேண்டும்?

அப்புறம் எங்கள் மொழியில், தணிந்த குரலில் சொன்னாள்: "எம்மேல கோவப்படாதீங்க. இந்த விழாவ நானா கேட்டேன்? எங்க வீட்டுக்காரரு போன வருஷம் போதையில 'சரி'ன்னுட்டாரு. சொன்னவரு மண்ணுக்குள்ள நிம்மதியாப் படுத்திருக்காரு. நான்தான் வெளிய நின்னு ரொட்டி சுடுறேன்."

கோபப்பட எனக்கு அங்கே ஆளே இல்லாமல் போயிற்று. டாக்டர்மேல் படலாம். ஆனால் அவர் மீதி ரொட்டியைக் காகிதத்தில் சுற்றித் தரச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தார், அத்தனை நல்ல மனதோடு.

நெடுஞ்சாலையில் அவரைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பின்சீட்டிலிருந்த அவர் பையை எடுக்க, நான் உள்ளேயிருந்து சாய்ந்து கதவைத் திறந்துவிட வேண்டியிருந்தது. இறங்கியவர் ஜன்னலில் குனிந்து, "இன்னிக்கு நான் சாப்பிட்டேன்னு சொல்ல மாட்டேன் மெலிதோன். இந்த மலை என்னைச் சாப்பிட்டது," என்றார். மலைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. முழுசாகத்தான் பஸ் ஏறினார்.

வீட்டுக்குப் போனபோது எபிபானியாவுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. எங்கள் ஊரில் காரைவிடச் சேதி வேகமாகப் போகும், அதுவும் என் காரைவிட. அவள் திட்டவில்லை. மறுநாள் எங்கள் செம்மறிகளையெல்லாம் ஓட்டிக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனாள். மாட்டுக்குப் பதிலாக இவை என்று கேட்கப் போனாள். மத்தியானம் செம்மறிகளோடு திரும்பி வந்தாள்.

"என்ன சொன்னா?"

"ரொட்டி சுடும்போதே சாமிகிட்ட 'மாடு'ன்னு சொல்லித்தான் அடுப்புல வச்சாளாம். சாமிகிட்டப் போயி மாத்திச் சொல்ல அவளுக்குப் பயமா இருக்காம்." ஆட்டுப் பட்டியைச் சாத்தினாள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. அதான் ரொம்பக் கேக்கல."

திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

ரொட்டி தின்னப்பட்ட சேதி கேட்டு அனக்லெத்தோ இரண்டு மாடுகளோடும் ஊருக்குத் திரும்பினான். மகள் சுகமாம். செப்டம்பருக்கு ஏர் கேட்கலாம் என்று அவனிடம் போனேன். முதலில் தன் நிலம், அப்புறம் மைத்துனன் நிலம், அப்புறம் மழை வராவிட்டால் பார்க்கலாம் என்றான். மழை வந்த பிறகு உழுது என்ன பயன் என்று இருவருக்கும் தெரியும். தலையாட்டிக்கொண்டோம்.

டாக்டருக்கு ஃபோன் போட்டேன். எடுக்கவில்லை. செய்தி அனுப்பினேன். இரண்டு கைகள் கும்பிடுகிற சின்னப் படம் ஒன்று பதிலாக வந்தது. மறுபடி அனுப்பினேன், மாடு என்ற வார்த்தையை மட்டும் தனியாக. மறுபடி கும்பிட்டார். ஃபவுஸ்தினோ அவர் போட்ட படத்தைக் கொண்டுவந்து காட்டினான். நிஜமாகவே லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். சூப், சோளக்கள், கினிப்பன்றித் தலை, கடைசியில் ரொட்டி. அழுகிற முகங்களும் இதயங்களுமாகக் கீழே குவிந்திருந்தன. அவர் ரொட்டியைத் தூக்கும்போது ஓரத்தில் ஏதோ பழுப்பாக மேலே எழுந்து மறைகிறது.

"அது நீதான் மச்சான்," என்றான். "ஒன் முழங்கை."

விழாவுக்குக் கொஞ்சம் முன்னால் லிமாவிலிருந்து ஒரு பெட்டி வந்தது. வைக்கோலுக்குள் பொதிந்து, எங்கள் பக்கம் அதிர்ஷ்டத்துக்கு வீட்டுக் கூரையில் வைக்கிற மாதிரி ஒரு களிமண் காளை. பளபளப்பான மெருகு. வாக்குத் தவறாதவர் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். எபிபானியா அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். வயிற்றுக்கடியில் ஒரு ஓட்டை இருந்தது.

"இந்தாங்க," என்று என்னிடம் நீட்டினாள். "ஏர்ல பூட்டுங்க."

அதைக் கொண்டுபோய்ப் பல்தசாரா அக்காவிடம் கொடுத்தேன். ஒரு நப்பாசைதான். அவள் மறுக்கவில்லை, அவளும் மறுக்கத் தெரியாதவள். மாடத்தில் பர்த்தொலொமேயுவின் காலடியில் வைத்துக் கும்பிட்டாள். "அழகா இருக்கு தம்பி. சாமிக்குப் புடிக்கும்." வாசல் வரை வந்து, "மாட்ட நாளைக்கே ஓட்டிட்டு வந்துருங்க, வெட்டுறவரு வந்துட்டாரு," என்றாள்.

உபயக்காரன்தான் ஓட்டி வர வேண்டும். பரோசோவின் காதுகளில் சிவப்பு நூல் குஞ்சம் கட்டினோம். நெற்றியில் சோளக்கள் தெளித்தேன். எபிபானியா அவன் வாயருகே ஒரு கைப்பிடி கொக்கா இலையைப் பிடித்தாள். முகர்ந்துவிட்டு விட்டுவிட்டான். கிழட்டு மாடு வழக்கம்போலத் தோளோடு ஒட்டிக்கொண்டு கூடவே கிளம்பியது. உழப் போகிறோம் என்று நினைத்திருக்கும். பட்டிக் கதவில் அதைத் தடுத்து நிறுத்த இரண்டு பேர் தேவைப்பட்டார்கள். தெருவில் பரோசோ குஞ்சம் ஆட நிமிர்ந்து நடந்தான். ஜனங்கள் கைதட்டினார்கள். அவன் மட்டுமாவது அந்த ஊர்வலத்தை அனுபவித்தான்.

விழா நன்றாக நடந்தது. ஊரே சொல்கிறது, நான் என்ன சொல்ல. வாத்தியக்காரர்கள் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்தார்கள். ஃபவுஸ்தினோவின் வாணங்களில் பாதி வெடிக்கவில்லை. மத்தியானம் அக்கா வீட்டு முற்றத்தில் நீளமாகப் பெஞ்சுகள் போட்டு ஊர் முழுக்க உட்கார்ந்தது. எங்களை முதல் வரிசையில், புனிதருக்கு எதிரே உட்கார வைத்தார்கள். முதல் தட்டு மாடு கொடுத்தவனுக்கு. அவன் ருசி பார்த்துச் சொன்ன பிறகுதான் மற்றவர்கள் கரண்டியைத் தொடுவார்கள்.

தட்டு வந்தது. பெரிய துண்டு, மேலே மிளகாயும் புதினாவும் அரைத்த பச்சைக் குழம்பு, ஓரத்தில் கிழங்கு. வாத்தியம் நின்றது. முற்றம் முழுக்க முகங்கள். யாரும் பகையாகப் பார்க்கவில்லை. பசியாகப் பார்த்தார்கள். பக்கத்தில் எபிபானியா மடியில் கையை வைத்துக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டேன்.

கடினமாக இருக்கும் என்று எதிர்பார்த்திருந்தேன். வருஷக்கணக்காக ஏர் இழுத்த மாடு, நார் நாராக இருக்க வேண்டும். இருந்திருந்தால் ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். விடிய விடிய வேக வைத்திருக்கிறார்கள். நாக்கில் வைத்ததும் உடைந்தது. அத்தனை ருசி. இன்னொரு துண்டு எடுக்க என் கை என்னைக் கேட்காமலே தட்டுக்குப் போயிற்று.

"எப்பிடி இருக்கு தம்பி?" என்றாள் அக்கா. அவள் குரலில் நிஜமாகவே பயம் இருந்தது.

பின்வரிசையிலிருந்து யாரோ, "சீக்கிரம் சொல்லுய்யா, ஆறிப்போவுது!" என்றார்கள்.

வாயில் இருந்ததை விழுங்க வேண்டியிருந்தது.

"நல்லாருக்கு," என்றேன்.

கரண்டிகள் ஒரே நேரத்தில் இறங்கின. வாத்தியம் அதே பாட்டைத் தொடங்கியது. எபிபானியா தன் தட்டிலிருந்து மெல்லச் சாப்பிட ஆரம்பித்தாள், கிழங்கை முதலில். அக்கா மூச்சு விட்டு, முகமெல்லாம் மலர்ந்து, அகப்பையோடு என்னிடமே திரும்பி வந்தாள்.

"இன்னும் கொஞ்சம் போடட்டா?"

தட்டை நீட்டினேன்.